ஒன்பதடி ராஜா

ஈரோட்டுப் பொருட்காட்சியில் எகிப்து அரங்கு போட்டிருந்த மாசிலாமணி முதலாளிக்கு யாராவது எதிர்த்துப் பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வரும். மைக்கில் கூவி ஆள் சேர்க்கும் செண்பகவல்லி அன்றைக்கு எதிர்த்தே பேசினாள்.

"மன்னர் ராம்சேஸ் ஒன்பதடி உயரம்னு நான் சொல்ல மாட்டேன் முதலாளி. அவரோட மம்மியை அளந்திருக்காங்க. ஆறடிகூட இல்ல."

"பத்து வெப்சைட்ல ஒன்பதடின்னு போட்டிருக்கான். நெட்டுல பொய்யா வரும்? சாயங்காலத்துக்குள்ள பொய்யின்னு நிரூபி. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

"உங்க வாயாலேயே சொல்ல வைக்கிறேன்" என்றாள் அவள்.

உடனே போனை எடுத்து, ஊர் பேஸ்புக் பக்கங்களில் எல்லாம் ஒரு வரி போட்டுவிட்டாள்: 'எகிப்து அரங்கில் இன்று அனுமதி இலவசம்.'

விளக்குப் போடும் நேரத்தில் ஊரே வாசலில் திரண்டு நின்றது. "நெட்டுல போட்டிருக்கே, உள்ள விடுய்யா!" என்று ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள்.

முதலாளி மைக்கைப் பிடுங்கித் தொண்டை கிழியக் கத்தினார்: "நெட்டுல வர்றதையெல்லாம் நம்பாதீங்கய்யா! எவனோ போட்டா உண்மையாயிடுமா?"

செண்பகவல்லி மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"கேட்டீங்களா மக்களே? ராம்சேஸ் ராஜா ஒன்பதடிங்கிறதும் நெட்டுல வந்ததுதான். நம்பாதீங்கன்னு முதலாளியே சொல்லிட்டாரு!"