கரையில் யாருமில்லை

“மேஸ்த்ரே, என் பாட்டை இவங்க தப்பாப் பாடறாங்க.”

பாடகர் ஜெனிவால் உள்ளே வராமலே சொன்னார். அறுபதைத் தாண்டிய வயது. தோளில் கிட்டார்.

அதை முதன்முதலில் அவர் கையில் கொடுத்துப் பழக்கிய குரு, கிழவர் திபூர்சியோ, ஒரு பீங்கான் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரேசிலில், பாஹியாவின் அந்தத் தீவில் தட்டும் ஒரு வாத்தியம். கத்தியால் சுரண்டினால் தாளம் வரும்.

“எந்தப் பாட்டு?”

“எனக்கு வேற எந்தப் பாட்டு இருக்கு?”

உண்மைதான். இருபது வயதில் தீவை விட்டுப் போனவர், போன படகைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். ரியோவில் அது இசைத்தட்டானது. வானொலி வீடு வீடாகக் கொண்டுபோனது. பிறகு எத்தனையோ எழுதினார். லிஸ்பனிலும் பாரிஸிலும் கூட்டம் கடைசியில் அதைத்தான் கேட்டது.

அன்றைக்குப் பெற்ற அம்மாவே வழியனுப்ப வரவில்லை என்ற கோபத்தில், அம்மா உயிரோடிருந்தவரை ஜெனிவால் தீவுப் பக்கம் வரவேயில்லை.

இப்போது கடைசி இசைத்தட்டு. அந்தப் பாட்டை இந்த ஊர்ப் பெண்களோடு பாட வந்திருந்தார். நாளைக்குப் பதிவு.

“‘படகு கிளம்பியது, கரையில் யாருமில்லை.’ நான் எழுதினது இது. இவங்க ‘கரை முழுக்க நாங்கள்’னு பதில் பாடறாங்க.”

“ரொம்ப காலமா அப்படித்தான்.”

“பொய், மேஸ்த்ரே. கைகாட்ட ஒருத்தரும் வரல. அந்த வலியிலதான் பாட்டே வந்தது.”

“அப்ப போய்த் திருத்து.”

சாயங்காலம் பெண்கள் வட்டமாக நின்றார்கள்; திபூர்சியோ தட்டும் கத்தியுமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒருவர் பாடினால் வட்டம் பதில் பாடும். அங்கே அதுதான் வழக்கம்.

ஜெனிவால் தன் வரியைப் பாடினார்.

பதில், அவர்கள் வரியாகவே வந்தது.

கையை உயர்த்தி நிறுத்தினார். மறுபடி பாடினார். மறுபடி அதே பதில்.

எவனில்டா என்ற மீன்காரி கைதட்டுவதை விட்டாள்.

“ஐயா, உங்க வரிய நீங்க பாடுங்க, யார் தடுத்தா? பதில் எங்களது.”

“நான் எழுதினது அது இல்லம்மா.”

“எங்கம்மா பாடினது இது. உங்கள வழியனுப்ப வந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சுன்னு சொல்வாங்க. மோட்டார் சத்தத்துல எங்க கேக்கப்போகுது? தண்ணில இறங்கப்போன உங்கம்மாவ அவங்கதான் இழுத்துப் பிடிச்சாங்களாம்.”

ஜெனிவால் திபூர்சியோவிடம் திரும்பினார்.

“யாருமில்ல, மேஸ்த்ரே. எனக்குத் தெரியாதா?”

“படகுல எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த?”

ஜெனிவாலுக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. விடிந்தும் விடியாத நேரம். மடியில் கிட்டார். எதிரே நகரத்தின் விளக்குகள். திரும்பினால் இறங்கிவிடுவோம் என்ற பயம்.

“நகரத்தப் பார்த்து.”

கிழவர் கத்தியைத் தட்டில் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.

ஜெனிவால் பாட்டை முதலிலிருந்து எடுத்தார். ‘படகு கிளம்பியது’ வரை பாடினார்.

அங்கே வாயை மூடிக்கொண்டு, பதிலுக்காக வட்டத்தைப் பார்த்தார்.