பத்தாயிரம் பேர் மெச்சிய இருவாச்சி

ஆனைமலைச் சோலைக்காட்டில் மூக்கையன் என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தான். பேருக்கு ஏற்ற மூக்கு. பழுத்த நேந்திரம்பழத்தை வளைத்து முகத்தில் ஒட்டியது போல இருக்கும். அதன் மேல் தொப்பி வைத்தாற்போல ஒரு கொண்டை வேறு. அவன் பறந்தால் ரயில் போகிற மாதிரி சத்தம் கேட்கும் என்று காட்டில் எல்லோரும் சொல்வார்கள். ரயிலை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்வார்கள்.

அவன் மனைவி சொர்ணம். தை மாதம் அவள் முட்டையிடும் காலம் வந்தது. அருவிக்கு மேலே நின்ற நாங்கு மரத்தில் நல்ல பொந்தாகப் பார்த்து உள்ளே போனாள். இருவாச்சிக் குல வழக்கப்படி மண்ணும் எச்சமும் பழச்சக்கையும் குழைத்து வாசலை அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டாள். உள்ளே போன பெட்டைக்குச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். அது மறுபடி முளைத்து, சுவரை உடைத்து வெளியே வர மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை சோறு தண்ணீர் எல்லாம் வெளியே இருக்கும் புருஷன் பொறுப்பு.

"மறந்துடாதீங்க," என்றாள் சொர்ணம், கீறல் வழியாக.

"பொண்டாட்டிய யாராவது மறப்பாங்களா புள்ள?" என்றான் மூக்கையன்.

ஒரு மாதத்துக்கும் மேலாக அவன் மறக்கவில்லை. விடிந்ததும் அத்திமரத்துக்குப் போவான். தொண்டை நிறையப் பழத்தை அடைத்துக்கொண்டு திரும்புவான். கீறலுக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து ஊட்டுவான். ஒரு நடைக்கு முப்பது, நாற்பது பழம். முட்டை பொரிந்து ஒரு குஞ்சும் வந்தது. "உங்க மூக்குதானுங்க," என்றாள் சொர்ணம். மூக்கையன் அன்றைக்கு இரண்டு நடை அதிகமாகப் பறந்தான்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் மேட்டில் செல்போன் டவர் வந்தது. கட்டாரி என்ற குரங்கு, அருவிக்கு வந்த சுற்றுலாக்காரர்களிடம் பிடுங்கி வைத்திருந்த போன்களையெல்லாம் ஒரு பாறைமேல் பரப்பிக் கடை போட்டான். ஒரு போனுக்கு ஒரு பலாப்பழம். சார்ஜ் தீர்ந்தால் அவனே எஸ்டேட் பங்களா ஜன்னல் வழியாக இறங்கிப் போட்டு வந்துவிடுவான்.

மூக்கையனும் ஒன்று வாங்கினான். கிளை இடுக்கில் அதைச் செருகி வைத்து, சொர்ணத்துக்குப் பழம் ஊட்டுவதைச் சும்மா படம் பிடித்துப் போட்டான்.

சாயங்காலத்துக்குள் நானூறு இதயம் விழுந்தது. "இவரல்லவோ புருஷன்!" என்று எழுதினாள் ஒரு மைனா. "இப்படி ஒருத்தர் கிடைக்க ஏழு மலை ஏறித் தவம் செய்யலாம்," என்றாள் ஒரு மரங்கொத்தி. எதிர் மலையில் ஓர் இருவாச்சிப் பெட்டை அந்த வீடியோவைத் தன் புருஷனிடம் காட்ட, அவன் இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரவில்லையாம்.

மூக்கையனுக்கு நெஞ்சு விரிந்தது. இத்தனை நாள் ஊட்டினோம், ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பழைய நாட்களை நினைத்து வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் அவன் கொஞ்சம் கவனமாகப் படம் பிடித்தான்.

"வாயைத் திற புள்ள. மெதுவா. வெளிச்சம் உன் மூக்குல விழோணும்."

சொர்ணம் திறந்தாள். பழம் வந்தது.

"முழுங்கிடாதே. அதை இப்படிக் குடு."

"எதுக்குங்க?"

"படம் ஆடிப்போச்சு. மறுபடி ஊட்டோணும்."

ஒரே அத்திப்பழத்தை ஏழு முறை ஊட்டினான். எட்டாவது முறை பழம் பிய்ந்து கீழே விழுந்தது. ஆனால் படம் அருமையாக வந்திருந்தது.

"பழம் போயிடுச்சுங்களே," என்றாள் சொர்ணம்.

மூக்கையன் போனைக் கீறலுக்கு நேராகப் பிடித்தான். "இதைப் பாரு. எத்தனை அழகாச் சாப்பிடறே."

அதன் பிறகு அவன் நாள் இப்படித்தான் போனது. கண் விழித்ததும் எத்தனை இதயம் என்று பார்ப்பான். பார்த்து முடிப்பதற்குள் பச்சைப்புறாக் கூட்டம் அத்திமரத்தைக் காலி செய்துவிடும். சரி, நாளைக்குப் போகலாம் என்று கிளையில் உட்கார்ந்தே இருப்பான். நீட்டிப் பறப்பதற்காகக் கொடுத்த கழுத்தை நாள் முழுக்கக் குனிந்தே வைத்திருந்ததில் அது அப்படியே பிடித்துக்கொண்டது. வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மல்லாந்துதான் பார்க்க வேண்டும். கண் இரண்டும் எரிந்து சிவந்தன. இருட்டினாலும் தூக்கம் வரவில்லை. பசித்தாலும் தெரியவில்லை. சின்னச் சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தான்.

ஒருநாள் யாரோ முகம் தெரியாதவன், "கொண்டைக்குச் சாயம் அடிச்சிருக்கான்," என்று எழுதிவிட்டான். மூக்கையன் கொதித்துப்போனான். "சாயமல்ல, என் உடம்பில் ஊறுகிற எண்ணெய். என் அப்பனுக்கும் இதே மஞ்சள்தான்," என்று பதில் எழுதினான். அவன், "அப்பனும் சாயம்தான்," என்றான். இந்தச் சண்டை இரண்டு நாள் நடந்தது. அந்த இரண்டு நாளும் சொர்ணத்துக்கு ஒரு பழம்கூட வரவில்லை.

பக்கத்துக் கிளையில் சடையன் என்று ஒரு மலையணில் குடியிருந்தான். முன்பெல்லாம் "அண்ணா, அண்ணி கூப்பிடறாங்க," என்று எழுப்புவான். இப்போது அவனும் ஒரு போன் வாங்கிவிட்டான். அதனால் அவன் காதிலும் எதுவும் விழவில்லை.

மூக்கையன் மிகவும் விரும்பிப் பார்த்தது 'நலவாழ்வு நண்பன்' என்பவருடைய வீடியோக்கள். முகம் தெரியாது. தாமரைப் படம் மட்டும் இருக்கும். குரல் தேனாக வழியும். "அன்பு உறவுகளே, அடிக்கடி உண்பதே எல்லா நோய்க்கும் வேர். மாதம் ஒருவேளை உண்போம். அசையாமல் படுத்திருப்போம். நூறாண்டு வாழ்வோம்."

மூக்கையனுக்கு இது மிகவும் வசதியாக இருந்தது. சொர்ணத்திடம் போய்ச் சொன்னான்.

"தினமும் சாப்பிடறது உடம்புக்கு ஆகாதாம் புள்ள. குஞ்சுக்கும் இடைவெளி விட்டுத்தான் குடுக்கோணுமாம்."

"யாருங்க சொன்னது?"

"பெரிய ஆளு. இருபதாயிரம் பேர் அவர் பின்னால இருக்காங்க."

"அவரு எத்தனை குஞ்சு வளர்த்தாருங்க?"

"உனக்கு எதைச் சொன்னாலும் குதர்க்கம்," என்று கோபித்துக்கொண்டு கிளைக்குத் திரும்பினான் மூக்கையன்.

அங்கே அவனுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நலவாழ்வு நண்பரே அவன் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். "தம்பி, உங்கள் குடும்பம் கண்டு மகிழ்ந்தேன். எந்த மரம்? ஒருமுறை நேரில் வந்து வாழ்த்த ஆசை."

மூக்கையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பறவைக்கு அது வழக்கம்தான் என்றாலும் அன்றைக்குக் கிளையிலும் பாவவில்லை. "அருவிக்கு மேலே ஒற்றை நாங்கு மரம், தெற்குப் பக்கம் இரண்டாவது பொந்து, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் ஐயா," என்று மூக்கு நுனியால் தட்டித் தட்டி எழுதி அனுப்பினான்.

பொந்துக்குள்ளே குஞ்சு அழுது அழுது ஓய்ந்திருந்தது. சொர்ணம் தன் சிறகைத் திருப்பிப் பார்த்தாள். பாதிதான் முளைத்திருந்தது. இதை வைத்துக்கொண்டு அத்திமரம் வரை போக முடியுமா என்பது சந்தேகம். ஆனால் உள்ளேயே இருந்தால் குஞ்சு பிழைக்காது என்பதில் சந்தேகமே இல்லை. அவள் சுவரை அலகால் கொத்த ஆரம்பித்தாள்.

அன்றைக்குத்தான் மூக்கையனுக்குப் பத்தாயிரம் பேர் சேர்ந்தார்கள். நடுப்பகலில் போனைக் கிளை இடுக்கில் செருகி, தன் மூக்கும் பின்னால் பொந்தும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, நேரலையில் நன்றி சொல்ல உட்கார்ந்தான்.

"பத்தாயிரம் உறவுகளுக்கும் வணக்கமுங்க. குடும்பம்தான் எனக்கு எல்லாம்."

பின்னால் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

"கொஞ்சம் சத்தமில்லாம இரு புள்ள," என்றான் திரும்பாமல். "உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கேன்."

டொக், டொக். சுவரில் பாதி பெயர்ந்து கீழே விழுந்தது.

திரையில் கமெண்ட் ஓடியது. "பின்னால் பாருங்க." அப்புறம் இன்னொன்று. "பாம்பு." அப்புறம் ஐம்பது, நூறு. "பாம்பு, பாம்பு."

மூக்கையன் சிரித்தான். "வளர்றவனைப் பார்த்தா நாலு பேருக்குப் பொறாமை வர்றது சகஜமுங்க. பாம்புன்னு சொல்லி என்னைத் திருப்பப் பார்க்கறாங்க. நான் திரும்ப மாட்டேன்."

அவன் திரும்பவில்லை. கழுத்தும் திரும்பாது என்பது வேறு விஷயம். ஆனால் திரையின் ஓரத்தில், தன் கொண்டைக்குப் பின்னால், மரத்தின் பட்டை மெல்ல நெளிவதை அவனே பார்த்தான். பட்டை ஏன் நெளிகிறது என்று ஒரு கணம் யோசித்தான். அந்த நேரத்தில் சொர்ணத்தின் குரல் கேட்டது. இதுவரை அவன் கேட்டிராத குரல்.

"ஏனுங்க!"

உடம்போடு சேர்த்துத் திரும்பினான். தொடை கனத்துக்கு ஒரு மலைப்பாம்பு அடிமரத்தைச் சுற்றி ஏறி, உடைந்த சுவருக்குள் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சொர்ணம் அதன் மூக்கில் கொத்திக்கொண்டிருந்தாள். பட்டினி கிடந்த உடம்பில் எத்தனை பலம் இருக்கும்? கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

மூக்கையன் பாய்ந்தான். உட்கார்ந்தே பழகிய சிறகு சொன்னபடி கேட்கவில்லை. பாம்பைக் குறிவைத்துப் போனவன் மரத்தில் முட்டிக்கொண்டான். சமாளித்து மறுபடி வந்து பாம்பின் முதுகில் தொற்றிக்கொண்டு கொத்தினான்.

பாம்பு நிதானமாகத் தலையை வெளியே எடுத்துப் பார்த்தது.

"பதறாதீங்க தம்பி," என்றது. குரல் தேனாக வழிந்தது. "நான் மாசத்துக்கு ஒருவேளைதான் சாப்பிடறேன். இன்னிக்குத்தான் அந்த வேளை. வாழ்த்திட்டுச் சாப்பிடலாம்னு வந்தேன்."

இந்தக் குரலைத்தான் மூக்கையன் தினமும் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மரத்தையும் பொந்தையும் திசையோடு இந்தப் பாம்புக்குச் சொன்னவனும் அவனேதான். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. கழுத்து வலியை மறந்தான். அந்தப் பெரிய அலகை ஓங்கிப் பாம்பின் கண்ணோரத்தில் ஒரு போடு போட்டான். பாம்பு அவன் பக்கம் சீறித் திரும்பியது. திரும்பிய நொடியில் உள்ளிருந்து சொர்ணம், மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதன் தாடையில் குத்தினாள். பாம்பின் பிடி நழுவியது. சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து, மரத்தை விட்டு, கீழே அருவித் தடாகத்தில் தொப்பென்று விழுந்து, தண்ணீரோடு போனது.

மூக்கையன் மூச்சு வாங்கியபடி கிளையில் சாய்ந்தான். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முப்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இதயம், அழுகிற முகம், கைதட்டு. "சூப்பர் சண்டை." "அடுத்த பாகம் எப்போ?" ஒருவரும் ஓடி வரவில்லை.

பக்கத்துக் கிளையிலிருந்து சடையன் போனோடு தலையை நீட்டினான். "அண்ணா, யாரோ ஒரு இருவாச்சி பாம்போட மோதறான் பாருங்க. நெஞ்சே நின்னுபோச்சு."

"அது நான்தான்டா."

சடையன் போனைப் பார்த்தான். மூக்கையனைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். "அட, நம்ம மரமா இது? அதுல பெரிசாத் தெரிஞ்சுதுங்க."

அவனைத் திட்டுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று மூக்கையனுக்குத் தெரிந்திருந்தது. மெல்ல நகர்ந்து பொந்துக்குப் பக்கத்தில் போனான். உடைந்த சுவர் வழியாகச் சொர்ணத்தின் முகம் முழுசாகத் தெரிந்தது. கண் குழி விழுந்திருந்தது. அவள் வயிற்றுக்கு அடியில் குஞ்சு ஒண்டிக்கிடந்தது.

"புள்ள, நான்…"

"அப்புறம் பேசலாமுங்க," என்றாள் சொர்ணம். "மொதல்ல மண்ணு கொண்டாங்க."

ஓடையிலிருந்து மண் கொண்டுவந்தான். அவள் உள்ளேயிருந்து பூசி அடைத்தாள். கீறல் மட்டும் மிஞ்சியதும், "பழம்," என்றாள்.

பக்கத்து அத்திமரத்தில் ஒரு காய்கூட இல்லை. இரண்டு மலை தாண்டிப் போக வேண்டியிருந்தது. கழுத்தை நீட்டினால் உயிர் போகிற வலி. மூன்று இடத்தில் இறங்கி இளைப்பாறினான். முதல் நாள் அவன் கொண்டுவந்தது ஒன்பது பழம். சொர்ணம் எட்டைக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றைத் தின்றாள். மறுநாள் பதினைந்து. அடுத்த வாரம் முப்பது. சிறகு பழையபடி ரயில் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தது. கண் எரிச்சல் போயிற்று. இருட்டியதும் தூக்கம் தானாக வந்தது.

போனைக் கட்டாரியிடம் திருப்பிக் கொடுத்தபோது அவன் பலாப்பழத்தைத் திருப்பித் தரவில்லை. "பத்தாயிரம் பேர் காத்திருக்காங்களே, அவங்களுக்கு என்ன சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டான்.

"பழம் பொறுக்கப் போயிருக்கான்னு சொல்லு."

சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. வால்பாறைப் பக்கம் ஒரு கரடி தலைகீழாக நின்று தேன் குடிக்கிற வீடியோ வந்திருந்தது. பத்தாயிரம் பேரும் மூன்றாம் நாளே அங்கே போய்விட்டார்கள்.

சொர்ணம் ஒரு மாதம் வரை மண், பழம், தண்ணீர் என்று மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை. வைகாசியில் ஒரு காலை அவன் நாற்பது பழம் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஊட்டி முடித்தான். குஞ்சு திருப்தியாக ஏப்பம் விட்டது. கீறலுக்கு உள்ளேயிருந்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று குரல் வந்தது. மூக்கையன் அன்றைக்கும் இரண்டு நடை அதிகமாகப் பறந்தான். அதை யாரும் பார்க்கவில்லை.

ஊரார் தட்டும் கை நம் வீட்டு அடுப்பில் உலை வைக்காது. ஆகவே, பார்க்கிறவர்களின் எண்ணிக்கையைவிடப் பசித்திருப்பவர்களின் வாயைக் கவனிப்பதே அறிவுடைமை.