மூடிய பெட்டிக்கு என்ன விலை?

மல்லியூர் ஜனங்களுக்குக் கடை வரைக்கும் நடக்கச் சோம்பல். நீங்கள் போனைத் தட்டுகிறீர்கள், அவர்கள் புறாவைப் பறக்கவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வேண்டியதை ஓலையில் எழுதிப் புறாவின் காலில் கட்டிவிட்டால், துறைமுகத்து வியாபாரி சரக்கை வீட்டுக்கே அனுப்பிவிடுவார். காசு வாசலில்.

அந்த வாசலில்தான் தகராறு. "பிரித்துக் காட்டு, அப்புறம் காசு" என்பார் வாங்குகிறவர். "காசைக் கொடு, அப்புறம் பிரி" என்பான் கொண்டுவந்தவன். ஒரு அம்மாள் பட்டுப்புடவையைப் பிரித்து, உடுத்தி, ஒரு கல்யாணத்துக்கும் போய்வந்து, "கலர் பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுத்தாள். இன்னொருத்தர் காசைக் கொடுத்துப் பிரித்தால் உள்ளே வைக்கோல். வியாபாரிகள் வெறுத்துப்போய்ச் சரக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். மகாராணி கேட்ட முத்துமாலையும் துறைமுகத்திலேயே தங்கிவிட்டது.

அதற்கப்புறம் ராஜா சேந்தவர்மருக்கு அந்தப்புரத்தில் மரியாதையே இல்லை. மந்திரி இளங்குமணனைக் கூப்பிட்டார்.

"நாளைக்குள் ஒரு வழி கொண்டுவாரும். வாங்குகிறவரும் ஏமாறக் கூடாது, விற்கிறவரும் ஏமாறக் கூடாது. கொண்டுவந்தால் நூறு பொன். இல்லையென்றால் மந்திரி வேலை போயிற்று."

பாவம், இளங்குமணனுக்கு வீடு வேறு பாதி கட்டியபடி நிற்கிறது.

மறுநாள் மூடிய பெட்டி ஒன்றோடு சபைக்கு வந்தார்.

"வழி கொண்டுவந்திருக்கிறேன், மகாராஜா. பொன்னைக் கொடுத்தால் திறக்கிறேன்."

"முதலில் திறவும்."

"பார்த்துவிட்டு 'வேண்டாம், எடுத்துப்போ' என்றால்? தெரிந்துகொண்ட வழியை நான் எப்படித் திரும்ப வாங்குவது?"

"பொன்னைக் கொடுத்த பிறகு உள்ளே ஒன்றுமில்லையென்றால்?"

"அதுவும் நியாயம்தான்" என்று இளங்குமணன் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் ஆயிற்று. ராஜாவோ பசி பொறுக்காதவர்.

"சரி ஐயா, மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரி செய்வோம். பாதியை அச்சாரமாகப் பிடியும். நான் பின்வாங்கினால் அது உமக்கு. பார்த்துச் சரியாயிருந்தால் மீதி, இல்லையென்றால் அச்சாரத்தையும் திருப்பித் தரவேண்டும்."

இளங்குமணன் ஐம்பது பொன்னை வாங்கி மடியில் முடிந்துகொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. "எங்கே ஐயா வழி?"

"இப்போதுதானே தாங்களே சொன்னீர்கள். பாதி அச்சாரம், மீதி பார்த்த பிறகு. வாங்குகிறவர் சும்மா திருப்பமாட்டார், அச்சாரம் போய்விடும். விற்கிறவர் வைக்கோல் அனுப்பமாட்டார், மீதியும் வராது, அச்சாரத்தையும் திருப்ப வேண்டும். வழி சரியாயிருக்கிறதா?"

ராஜா யோசித்தார். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு என்னுடையது அல்லவா? உமக்கு எதற்கு மீதி?"

"சரக்கு தங்களுடையதுதான், மகாராஜா. நான் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவன். சில்லறை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்."