அரசரின் இரண்டாவது வாய்

முன்னொரு காலத்தில், பெயர் சொல்ல நான் விரும்பாத ஒரு நாட்டில், குதிரை லாயத்தில் வேலை பார்த்த ஒருவர் காலைக் கூழைக் குடித்துவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அவர் என் கணவர், மருதவாணர். அன்றைக்குத்தான் லாயத்து ஆணி ஒன்று அவர் பாதத்தில் ஏறியது. பதினோராம் நாள் அவர் இல்லை.

அந்த நாட்டு அரசருக்குத் திடீர் திடீரென்று கட்டளை பிறக்கும். அதற்கு முந்தைய ஆண்டு கோட்டைக் காவலர் நால்வர் கஞ்சா இலையை மென்றுவிட்டுத் தூங்கிப்போனார்கள். கோபம் வந்த அரசர், இனி அந்த இலை வைத்த வாயைத் தைத்துவிடுங்கள் என்றார். அரசர் சொல்வதை ஓலையில் எழுதுகிற ஓலைநாயகம் விழுப்பரையர் அந்தச் சொற்களை அப்படியே எழுதி முத்திரையிட்டார். தோல் தைக்கும் ஊசியால் நால்வரின் உதடுகளும் தைக்கப்பட்டன. அதன் பிறகு ஊரில் யாரும் அந்த இலையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. கீரை விற்கிறவள் கூடையைத் திறந்து காட்டிக்கொண்டே நடந்தாள்.

கணவர் போன பின் அரண்மனையில் கட்டுத்துணி துவைக்கும் வேலை கிடைத்தது. அந்த மாதமே வேட்டையில் ஒரு காட்டுப்பன்றி அரசரின் தொடையைக் கிழித்தது. வைத்தியர்கள் எண்ணெய் மாற்றி எண்ணெய் ஊற்றினார்கள். சீழ் நிற்கவில்லை. அந்தத் துணிகளின் நாற்றம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த நாற்றம்.

சபையில் சடையனார் என்று ஒரு விகடர் இருந்தார். அவர் பேச்சுக்கு அரசர் சிரிப்பது விழுப்பரையருக்கு ஆகாது. வாயாலேயே எதையும் ஆற்றுகிறவர் ஆயிற்றே, இந்தப் புண்ணையும் அவரே ஆற்றட்டும் என்று விழுப்பரையர் அரசரின் காதில் ஓதினார். வலியில் கிடந்த அரசர் ஒன்பது நாள் தவணை கொடுத்தார். ஆறாவிட்டால் கழுமரம்.

சடையனார் படித்துறைக்கு என்னைத் தேடி வந்தார். வைத்தியர்கள் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள், துணி துவைக்கிற உனக்குத் தெரியாத புண்ணா என்று கேட்டார். யாரும் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். சேணம் உரசிக் குதிரைக்கு வருகிற புண்ணில் என் கணவர் அந்த இலையை அரைத்துப் பூசுவார். நாலைந்து நாளில் சீழ் வற்றும், ஈ உட்காராது. தடை வந்த பிறகும் குதிரைகளுக்கு ஒளித்துப் பூசினார்.

"அப்புறம் அவர் காலுக்கு ஏன் வைக்கல தங்கச்சி?"

"அரைச்சு எடுத்துட்டுப் போனேன் ஐயா. யாராச்சும் மோந்து பாத்தா ஒன் வாயத் தச்சிருவாங்க, கொண்டுபோய்க் கொட்டுன்னாரு. கொட்டிட்டேன்."

இலை இப்போது எங்கே கிடைக்கும் என்று சடையனார் கேட்டார்.

லாயத்துக்குப் பின்னால் முளைத்திருந்ததை நான் பறித்து அரைத்தேன். வைத்தியர்கள் விலகிக்கொள்ள, காலையும் மாலையும் சடையனாரே அரசரின் புண்ணில் வைத்துக் கட்டினார். ஐந்தாம் நாள் நாற்றம் போனது. எட்டாம் நாள் பச்சைக் கறை படிந்த துணி ஒன்று விழுப்பரையர் கையில் சிக்கியது.

மறுநாள் சபையில் அவர் அதை விரித்துக் காட்டினார். தோல் தைக்கிறவனை ஊசியோடு வரவழைத்து வாசலிலேயே நிறுத்தியிருந்தார். நான் துணிக்கூடையோடு தூணுக்குப் பின்னால் நின்றேன். என் உதடுகளை நானே கடித்து மூடிக்கொண்டேன்.

அது அந்த இலைதானா என்று அரசர் கேட்டார்.

"அதே இலைதான், அரசே. ஆனால் அதை யாரும் வாயில் வைக்கவில்லை" என்றார் சடையனார்.

"புண்ணுக்கு வாய் இல்லையா?" என்றார் விழுப்பரையர். "புண்வாய் என்றுதானே வைத்தியர்களும் சொல்கிறார்கள்? எந்த வாய் என்று நான் ஓலையில் எழுதவில்லை. கட்டளை கட்டளைதான், அரசே."

சடையனார் வாசலில் நின்ற ஊசிக்காரனைப் பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"ஓலைநாயகம் சொல்வது சரி. புண்ணுக்கும் வாய் உண்டு. இலையை வைத்த கையைத் தைக்கும்படி ஓலையில் இல்லை. இலை வைத்த வாயைத்தான் தைக்க வேண்டும். அந்த வாய் அரசரின் தொடையில் இருக்கிறது. ஓலைநாயகம் உத்தரவிட்டால் தைத்துவிடலாம்."

விழுப்பரையரின் முகத்தில் இரத்தம் இல்லை. அரசரை ஊசிக்குக் கொடுக்கச் சொன்னவர் அவர்தான் என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்தது. தலைமை வைத்தியர் மெல்லக் குனிந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தார். சீழ் இல்லை, சதை சிவந்து சுத்தமாக இருக்கிறது, இப்போது தைத்தால் சீக்கிரம் கூடும் என்றார்.

அரசர் தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தார். ஏழு தையல் போட்டார்கள்.

"என்னை எதிர்த்துப் பேசாத வாய் இது ஒன்றுதான்" என்று அரசர் தையலைக் காட்டிச் சொல்லி, தன் கைவளையைக் கழற்றிச் சடையனாருக்கு அணிவித்தார்.

வளையோடு சேர்த்துச் சடையனார் ஒரு வரியும் கேட்டு வாங்கினார். புண்ணுக்கு அந்த இலையைப் பயன்படுத்தத் தடை இல்லை என்ற வரி. அதை விழுப்பரையரே தன் கையால் எழுத வேண்டியதாயிற்று.

பறையறைந்து அதைச் சொல்லிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்கள். என் கணவர் இறந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் இல்லாத அந்த ஆண்டும் லாயத்தில் குதிரைக்குட்டிகள் வழக்கம்போல் பங்குனியில்தான் பிறந்தன.