மூன்றாவது சிலிண்டரின் விரதம்

என் அக்கா வீட்டுக்காரர் சென்னியப்பன் மாமா பொய் சொல்லுவார் என்று நான் சொல்லவே மாட்டேன். நடந்ததைவிடக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லுவார், அவ்வளவுதான். அந்தத் தாராளத்துக்குள்தான் என் அக்கா சாந்தாமணி இருபத்தெட்டு வருசமாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒண்டிப்புதூருக்குப் போனது மாமாவின் பழைய வெள்ளைக் காரைத் தூக்கிக்கொண்டு வர. கூடவே பழைய இரும்புக் கடை காசிம் பாயும் வந்திருந்தார். வண்டிக்கு வயசு முப்பத்தொன்று. ஆயுத பூசை முடிந்த நாளிலிருந்து எஞ்சின் விட்டு விட்டு எரிந்து மிஸ்ஸிங் அடிக்கிறது, நின்ற இடத்திலேயே கிடுகிடுவென்று ஆடுகிறது, பத்து நாளாக வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது, யாரையாவது கூட்டிவந்து எடுத்துப் போ என்று அக்கா போனில் சொல்லிவிட்டாள்.

மாமா பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் ஸ்பேனரோடு நின்றார். பாயைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் தொங்கிய முகம் அரை நிமிசத்தில் நிமிர்ந்துவிட்டது.

"மாப்ளே, போன வாரம் வந்திருந்தீன்னா நானே கயிறு கட்டிக் குடுத்திருப்பேன். இப்ப ஆகாது. கோளாறைக் கண்டுபுடிச்சுட்டேன்."

"என்னங் மாமா கோளாறு?"

"உக்காரு. பாய், நீங்களும் உக்காருங்க. இது நின்னுட்டுக் கேக்கற சமாச்சாரமில்ல."

உட்கார்ந்தோம். அக்கா காபி கொண்டுவந்து கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"மொதல்ல ஆட்டம் எம்புட்டுன்னு பாக்கோணுமில்ல? எஞ்சினை ஓட விட்டு, பானெட் மேல தயிர்ச் சட்டியை வெச்சேன். நாலே நிமிசம். வெண்ணெ திரண்டு மேல வந்துருச்சு. மக்காநாள் ஊறப்போட்ட அரிசியும் உளுந்தும் வெச்சேன். மாவாயிருச்சு. பத்து நாளா உங்கக்கா கிரைண்டரைத் தொடவே இல்ல, கேட்டுப் பாரு."

"கிரைண்டர் ரிப்பேர் கனகு. மாவு கடையில வாங்கறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் அக்கா.

"கிரைண்டர் ஏன் ரிப்பேராச்சு? வெக்கத்துல" என்றார் மாமா. "அத்தோட போச்சா? எதிர் வீட்டுத் தென்னையில ஒரு காய் பாக்கியில்லாம உதிர்ந்துருச்சு. ஆள் விட்டுக் காய் போடற கூலி மிச்சம்னு அவங்க வந்து எனக்குச் சால்வை போர்த்தினாங்க. அப்புறம் பூகம்பத்தை அளக்கற ஆபீசருங்க ரெண்டு பேரு மிசினோட வந்துட்டாங்க. பானெட்ல வெச்ச ஒடனே முள்ளு பத்தைத் தாண்டி, மிசினைத் தாண்டி, அந்தச் சுவத்துல ஒரு கோடு போட்டுட்டுத்தான் நின்னுச்சு."

சுவரில் கோடு இருந்தது. அது மழைநீர்க் குழாய் இருந்த தடம்.

பாய் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அம்புட்டு ஆட்டத்துலயும் வண்டி எடத்தை விட்டு நகரலீங்களா?"

"யாரு சொன்னா? ஆடி ஆடியே சூலூர் போயிருச்சு. நல்ல வேளை, அங்க ஒரு எருமை முட்டி வண்டியைத் திருப்பி விட்டுச்சு. ஆடிட்டே வந்து அதே எடத்துல நின்னுருச்சு."

பாய் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தார்.

"அப்புறம்தான் வைத்தியத்துல எறங்கினேன். நாலு சிலிண்டர், நாலு பிளக், நாலு ஒயரு. எஞ்சின் ஓடறப்பவே ஒயரை ஒவ்வொண்ணாக் கழட்டி மாட்டினேன். ஒண்ணாவதைக் கழட்டினா ஆட்டம் சாஸ்தியாச்சு. அப்ப அந்தச் சிலிண்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ரெண்டாவதும், நாலாவதும் அப்படித்தான். மூணாவதைக் கழட்டினா ஒரு வித்தியாசமும் இல்ல. இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

"ஷாக் அடிக்கலீங்களா மாமா?"

"அடிக்காம? அடிச்ச அடியில சட்டைப்பையில இருந்த செல்போன் முச்சூடும் சார்ஜ் ஏறிருச்சு. இன்னும் எறங்கலை." குரலைத் தாழ்த்தினார். "மூணாவது பிளக்கைக் கழட்டிப் பாக்கறேன், முனையில காஞ்ச சந்தனம். அதுமேல குங்குமம்."

"அதை அங்க வெச்ச புண்ணியவான் யாரு?" என்றாள் அக்கா.

"நான்தான். ஆயுத பூசைக்கு ஊர்ல அத்தனை பேரும் ஸ்டியரிங்குக்கும் கண்ணாடிக்கும் பொட்டு வெக்கறான். வேலை செய்யறது உள்ள இருக்கறதுதான? நாலு பிளக்கையும் கழட்டிப் பொட்டு வெச்சு மாட்டினேன். மத்த மூணும் அன்னிக்கே எரிச்சுத் தள்ளிருச்சு. மூணாவது சிலிண்டருக்குப் பக்தி சாஸ்தி. பொட்டை அழிக்க மனசில்லாம விரதம் உக்காந்துருச்சு. ஆறு நாளா ஒரு சொட்டுப் பெட்ரோலைத் தொடலை."

"விரதத்தை முடிச்சு வெச்சீங்களா?" என்றார் பாய்.

"முடிக்காம? வண்டி மூஞ்சியைப் பழனிப் பக்கம் திருப்பி வெச்சு, அந்தச் சிலிண்டருக்குள்ள ஒரு ஸ்பூன் பஞ்சாமிர்தம் ஊத்தினேன். அப்ப அமைதியான எஞ்சின்தான் பாய். பானெட் மேல கோழி முட்டையை நட்டமா நிறுத்தினேன். மூணு நாள் நின்னுச்சு. நாலாவது நாள் குஞ்சு பொரிஞ்சு எறங்கிப் போயிருச்சு. பெட்ரோலும் குடிக்கறதில்ல. டேங்க்ல ஊறுது."

நான் எழுந்தேன். "சந்தோசமுங் மாமா. எங்க, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க."

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஸ்டார்ட்டா? மாப்ளே, வண்டி காலையில அஞ்சரை மணியிலிருந்து ஓடிட்டிருக்குது."

மூவரும் காரைப் பார்த்தோம். ஏர் பில்ட்டர் மேல் ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பாய் போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார்.

"ஒண்ணும் கேக்கலீங்களே."

"கேட்டா அது சாதா மெக்கானிக் செஞ்ச வேலை."

"அப்பச் சரிங் மாமா" என்றேன். "ஒருக்கா ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. ஆடாம நின்னுச்சுன்னா பாயை நானே கூட்டிட்டுப் போறேன்."

மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சின்னக் குரலில், "உங்கக்காளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனது இந்த வண்டி, கனகு. இதைத் துண்டு துண்டா வெட்டறதை என்னால பாக்க முடியாது" என்றார். காலையிலிருந்து அவர் பேசியதில் அளவு குறையாமலும் கூடாமலும் இருந்தது அது ஒன்றுதான். அக்கா காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். மூன்று தரம் இருமி, நாலாவது தரம் பிடித்தது. பிடித்ததும் கார் முழுக்க ஆட ஆரம்பித்தது. ஓணான் குதித்து ஓடிவிட்டது. மாமா பம்பர் மேல் வைத்திருந்த ஸ்பேனர் நழுவிப் பாய் காலருகே விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் மாமாவையே பார்த்தோம். அவரும் சேர்ந்து ஆடிக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"பாத்தியா மாப்ளே? செவனேன்னு ஓடிட்டிருந்ததை ஆஃப் பண்ண வெச்சுட்டே. கோவத்துல நடுங்குது பாரு!"

அக்கா டம்ளர்களோடு வீட்டுக்குள் போகத் திரும்பினாள்.

"காரு இங்கயே கெடக்கட்டும் கனகு. அந்த ஆளை எடை போட்டு எடுத்துக்குவாரான்னு பாயைக் கேளு."