குளத்தைச் சுற்றிய ஊழியம்

காட்டுக் குளத்தின் கரையில் ஒரு சபை இருந்தது. எருமை, கொக்கு, ஆமை, மான் என்று நாற்பது குடும்பம். முன்பு மேட்டுக்கு அப்பால் ஒரு பஞ்சத்தில் தவித்தபோது, இங்கிருந்து நாரை ஒன்று மேட்டைத் தாண்டி வந்து கூப்பிட்டதால் பிழைத்தவர்கள். கரையேறிய அன்றே ஆண்டவருக்குப் பொருத்தனை செய்தார்கள். கோடைதோறும் இரண்டு பேர் மேட்டுக்கு அப்பால் போய், அங்கே மிச்சமிருப்பவர்களை அழைத்து வரவேண்டும்.

சில வருடங்கள் போகவும் செய்தார்கள். ஒரு நரி வழியிலேயே செத்தது. அருளாயி என்ற ஆமை ஐந்து முறை போனாள். பாறையில் உருண்டு அவள் ஓடு பிளந்தது.

பிறகு குளத்தில் தாமரை செழித்தது. வயிறு நிறைந்தது. மேடு உயரமாகத் தெரிந்தது. ஆனாலும் பொருத்தனையைக் கைவிடப் பயம். அதனால் அனுப்பப்படும் இருவருக்கும் மாலை போட்டு, ஜெபம் செய்து, மேட்டுக்குப் போவதற்குப் பதில் குளத்தை மூன்று சுற்று நடக்க வைத்தார்கள். அவர்கள் நடக்கும்போது சபை முழுவதும் அழைப்புப் பாட்டைப் பாடும். அதன்பின் விருந்து.

இந்த வருட மாலை இருவருக்கு விழுந்தது. ஒருவர் மூப்பர் ஞானசிகாமணி எருமை. மற்றவர் பாட்டுக்குழுத் தலைவர் தேவஇரக்கம் கொக்கு.

மேட்டுக்கு அப்பால் குட்டை வற்றுகிறது, உன் தம்பி சேற்றில் கிடக்கிறான் என்று ஒரு மைனா அருளாயியிடம் சொல்லியிருந்தது. மூன்றாம் சுற்று முடிந்ததும் அவள் வழியை மறித்தாள். கொக்கு அரை நாழிகை பறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினாள். புழுதி பட்டால் தொண்டை கட்டிவிடும் என்றது கொக்கு.

எருமை தாமரைக் கிழங்கை மென்றபடி சொன்னார்: "வரவேண்டியவங்க எப்பவோ வந்துட்டாங்க, அக்கா. உட்காருங்க, சாப்பிடுங்க."

"நீங்க கூப்பிடாமலா வந்தீங்க, மூப்பரே?"

"இந்த வயசுலயும் உங்களுக்கு வாய் குறையலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அருளாயி சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. மேட்டைப் பார்த்து நடந்தாள்.

ஆமையின் காலுக்கு அது ஆறு நாள் வழி. போய்ச் சேர்ந்தபோது குட்டை வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளில் வெற்று ஓடுகள். ஒன்றில் மட்டும் தலை அசைந்தது. அவள் தம்பி.

"முன்னே நான் கூப்பிட்டப்போ, குட்டையில தண்ணி இருக்குன்னு சொன்னே. வத்தினதும் ஏன்டா வரலை?"

"வர நினைச்சோம், அக்கா. உங்க பாட்டுச் சத்தம் வருசாவருசம் மேட்டைத் தாண்டிக் கேட்டுச்சு. ஆனா கூப்பிட ஒருத்தரும் வரலை. அங்கே இனி இடமில்லைன்னு நினைச்சுட்டோம்."

தம்பிக்கு நடக்க உயிர் மிச்சமில்லை. மறுநாள் காலையில் அவன் உடலைச் சேற்றுக் கட்டிகளால் மூடினாள். புதர் நிழலில் இரண்டு முயல்கள் இளைத்துக் கிடந்தன. இடம் இருக்கிறது, வாருங்கள் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் மேடேறினாள்.

தாகத்தோடு கிடப்பவரைத் தேடிப் போகாத சபை, எத்தனை பாட்டுப் பாடினாலும் தன்னைத்தானே சுற்றும் கூட்டம்தான்.