இரண்டு சோடியம் அணுக்கள்

கதிரேசன் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

நாற்பத்தேழு வயதில் கல்லூரி வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் அவர். வழிகாட்டி அருளரசி அவரைவிடப் பதினோரு வயது இளையவர்.

"யாகூப் கருவியைக் கெடுத்து வெச்சிட்டுப் போயிருக்கான் மேடம்."

அந்தக் கருவியைக் கதிரேசனும் யாகூபும் சேர்ந்துதான் கட்டினார்கள். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சண்டை. பிரிந்து ஐந்து மாதமாகிறது. யாகூப் இப்போது மூன்றாம் மாடியில் வேறொரு ஆய்வகத்தில் இருக்கிறார்.

"எப்படிச் சொல்றீங்க, சார்?"

"லேசரால சோடியம் மூலக்கூறை உடைக்கிறேன். ரெண்டு அணுவும் ஆளுக்கொரு பக்கமா ஓடுது. ஆற்றல் இடது அணுகிட்ட. ஆனா அது இருண்டுபோகுது, வலது அணு மஞ்சளா எரியுது! ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆற்றல் எப்படிப் போகும்? வயரிங்ல விளையாடியிருக்கான்."

மேசைமேல் ஒரு தாளை அறைந்தார். இயக்குநருக்கு எழுதிய புகார். யாகூபின் உதவித்தொகையை நிறுத்த வேண்டுமாம்.

"கையெழுத்துப் போடுங்க."

அருளரசி வாசித்தார். இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இது நேத்து யாகூப் கொடுத்தது. உங்கமேல."

கதிரேசன் படித்தார். காது மடல் சிவந்தது. 'நம்பிக்கைத் துரோகி.' அவர் எழுதிய அதே சொல். 'இவருடன் ஒரே கூரையின்கீழ் இருக்க இயலாது.' அதுவும் அவர் எழுதியதேதான்.

"என் வார்த்தை! அஞ்சு மாசமா அவன் முகத்துல முழிச்சதில்லை. பேச்சுவார்த்தை கிடையாது. இது அவன் வாய்க்கு எப்படிப் போச்சு?"

"கருவி சரியாத்தான் இருக்கு, சார். இடது அணு தன் ஆற்றலை ஒளியா விடுது. வலது அணு வாங்கிக்குது."

"தொடாமலா?"

"தொடாமத்தான். ரெண்டும் ஒரே இனம். பொருந்திடுது."

கதிரேசன் தன் புகாரை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு முன்னைவிடச் சத்தமாகக் கேட்டார்:

"அதெல்லாம் கிடக்கட்டும். நீங்க எதுல கையெழுத்துப் போடப் போறீங்க? அவனுதுலயா, என்னுதுலயா?"

அருளரசி பேனாவை மூடினார்.

"உங்க கருவிக் குழாய்ல ஆர்கான் வாயுவும் இருக்கில்ல, சார்? அந்த மஞ்சள் ஒளி அதுக்குள்ள புகுந்துதானே போகுது?"

"அதுக்கென்ன இப்போ?" கதிரேசன் கத்தினார்.

"ஆர்கான் வேற இனம். அது எரியறதில்லை, சார்."